யன்னல் கம்பியில் கட்டிய முனை

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
வைகாசி, ஞாயிறு.

அன்பின் சிவாஜினிக்கு,

நாங்கள் மூன்று பேரும் சுகம். உமது சுகத்துக்குக் கோணேசப் பெருமான்தான் பொறுப்பு, அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பீர். நீர் வேலைக்கு நிற்கிற அந்த வீட்டில் உமது கைக்குப் போன் வருவது வெள்ளிக்கிழமை அரை மணித்தியாலம். அதில் பாதியை மகள் கஜந்தி எடுக்கிறாள். மீதியை உமது அம்மா எடுக்கிறார். எனக்கு மிஞ்சுவது "சரி, வைக்கிறன்" மட்டும்தான். ஆகவே ஆறுதலாக எழுதுகிறேன், நீரும் ஆறுதலாக வாசியும்.

கடை திறந்தாயிற்று. முன் அறையில் இருந்த கதிரைகளைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, நீர் அனுப்பிய காசில் வாங்கிய பெரிய மெஷினை அங்கே இறக்கியிருக்கிறோம். நிலாவெளி விடுதிகளின் விரிப்பும் துவாயும் தோய்த்துக் கொடுக்கிற வேலை. அங்கே கிணற்றுத் தண்ணீர் உப்பு, வெள்ளைத் துணி சீக்கிரம் பழுப்படிக்கிறது. எங்களுக்குக் குழாய்த் தண்ணீர் இருப்பது நல்லதாய்ப் போயிற்று. உம்மோடு அங்கே வேலைக்கு நிற்கிற கூட்டாளி ஷிஃபானாவின் மனுசன் முனீப் தன் ஓட்டோவில் ஏற்றி இறக்கித் தருகிறான். சோமசேகரம் என்பவர் தன் விடுதித் துணி முழுவதையும் எங்களுக்கே தந்திருக்கிறார். சீனன்குடாவில் கொந்தராத்து வேலை முடிந்து சும்மா இருந்த எனக்கு இப்போது மூச்சுவிட நேரமில்லை.

அண்ணர் வந்து பார்த்தார். ஊர் பார்க்கப் பிறத்தியாரின் அழுக்கைத் தோய்க்கவோ உன் பெண்சாதி அங்கே கிடந்து உழைத்தாள் என்று கேட்டார். எனக்கும் வாய் சும்மா இருக்கவில்லை. "ஆறு வருசமா அவ அங்க அதைத்தானே செய்யிறா. அப்ப உங்களுக்கு வெக்கமா இருக்கேல்லையோ?" என்று கேட்டுவிட்டேன். ஊற்றி வைத்த தேத்தண்ணியைக் குடிக்காமல் போய்விட்டார்.

முதல் நாளே ஒரு கூத்து நடந்தது. உமது அம்மா நாலு மூலைக்கும் மஞ்சள் தண்ணீர் தெளித்தார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மெஷினுக்கும் நல்லது நடக்கட்டும் என்று, யாருக்கும் சொல்லாமல், ஒரு மஞ்சள் கிழங்குத் துண்டை உள்ளே போட்டுவிட்டார். நான் சோமசேகரத்தாரின் வெள்ளை விரிப்புகளைத் திணித்து, சவர்க்காரத் தூளைக் கொட்டி மூடினேன். திறந்தபோது விரிப்பெல்லாம் சிவப்புச் சிவப்பாய்த் திட்டு. யாரையோ வெட்டிச் சுற்றி வைத்தது மாதிரி இருந்தது. மஞ்சளும் சவர்க்காரமும் சேர்ந்தால் சிவக்கும் என்று எனக்கு அப்போது என்ன தெரியும்? அலசியபோது சிவப்புப் போய் மஞ்சள் மிஞ்சியது. அந்த மஞ்சள் எதற்கும் அசையவில்லை.

உமது அம்மா குசினிக்குள் போய் இருந்து அழுதார். எனக்கு அவர்மேல் கோபப்படக்கூடத் தென்பில்லை. அவ்வளவையும் கொண்டுபோய்ப் பின்வளவுக் கொடியில் எறிந்துவிட்டு, சோமசேகரத்தாருக்குப் போன் எடுத்து நடந்ததை நடந்தபடி சொன்னேன். இரண்டு நாள் தவணை தந்தார். மறுநாள் பின்னேரம் போய்ப் பார்த்தால் வெயில் பட்ட பக்கமெல்லாம் வெள்ளை. மடிப்புக்குள் இருந்த இடம் மட்டும் மஞ்சள். திருப்பிப் போட்டேன், அதுவும் போய்விட்டது. மஞ்சளை எடுக்க வெயிலைப் போல் ஒரு மருந்தில்லை, சிவாஜினி. இதை ஒரு வகுப்பிலும் சொல்லித்தர மாட்டார்கள்.

வகுப்பு என்றதும் ஞாபகம் வருகிறது. பிரதேச செயலகத்தில் சிறுதொழில் செய்கிறவர்களுக்குப் படிப்பிக்கிறார்கள், சனிக்கிழமைகளில் போகிறேன். படிப்பிக்கிறது றிஸ்னா என்று ஒரு பிள்ளை, கஜந்தியைவிட ஏழெட்டு வயதுதான் கூட இருக்கும். கடையையும் வீட்டையும் ஒன்றாகக் குழைக்கக் கூடாது என்பது அவவின் முதல் பாடம். அன்று வீட்டுக்கு வந்தால் கஜந்தி கடைச் சவர்க்காரத் தூளில் பள்ளிக்கூடச் சட்டையை ஊறப்போட்டுக்கொண்டு நிற்கிறாள். பேசினேன். அப்பா கடைக்காரர் ஆகிவிட்டார் என்று சிரிக்கிறாள்.

தோய்ப்பது மெஷின். காயவைப்பது வெயில். மடிப்பதுதான் மனுசன். பெரிய கட்டில் விரிப்பைத் தனியாக மடிக்க ஏலாது. கஜந்தி பள்ளிக்கூடம் போய்விடுவாள், உமது அம்மாவுக்குத் தோள் உயராது. ஒரு முனையை யன்னல் கம்பியில் கட்டிவிட்டு மறுமுனையை நான் பிடித்துக்கொண்டு பின்னால் பின்னால் நடக்கிறேன். பார்க்கிறவர்களுக்கு வேடிக்கை.

உமது ஒப்பந்தம் கார்த்திகையில் முடிகிறது. கடை தாங்கினால் நீர் வந்துவிடலாம், இல்லாவிட்டால் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்து. அது எனக்கு ஒவ்வொரு விரிப்பையும் உதறும்போது ஞாபகம் இருக்கிறது. கடவுளை நினைத்துக்கொண்டு உடம்பைக் கவனமாகப் பாரும்.

அன்புக் கணவன்,
பிரகலாதன்.


ஆவணி, செவ்வாய்.

அன்பின் சிவாஜினிக்கு,

இங்கே எல்லோரும் ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம். நீரும் அப்படியே இருப்பீர் என்று நம்பி எழுதுகிறேன்.

போன வெள்ளி நீர் எனக்கென்று பத்து நிமிஷம் எடுத்துத் தந்ததற்கு நன்றி. நாலு மூலையிலும் ரப்பர் வைத்த அந்த விரிப்பை மடிக்கத் தெரியாமல் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஒரு மூலைக்குள் கையை விட்டு மற்ற மூலையை அதன்மேல் கவிழ்க்க வேண்டும் என்று அந்த வீட்டு விரிப்பிலேயே வீடியோவில் செய்து காட்டினீர். கஜந்தி போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள், நான் இங்கே ஒரு விரிப்போடு நின்றேன். இரண்டாம் தரம் சரியாக வந்துவிட்டது. அந்தப் பத்து நிமிஷமும் நாங்கள் விரிப்பைப் பற்றி மட்டும்தான் கதைத்தோம். ஆனாலும் போனை வைத்த பிறகு எனக்கு நல்ல சந்தோஷமாக இருந்தது.

வெள்ளைக்காரர் நிறைய வந்திருக்கிறார்கள். வெயிலுக்குப் பூசுகிற எண்ணெயோடு அப்படியே படுக்கிறார்கள் போலிருக்கிறது, அந்தக் கறை சுடுதண்ணீருக்குத்தான் மசிகிறது. விரல் இடுக்கெல்லாம் வெடித்துவிட்டது. இரவில் தேங்காய் எண்ணெய் பூசிக்கொண்டு படுக்கிறேன். முதுகு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். உமக்கு எப்படி இருக்கும் என்று இப்போதுதான் தெரிகிறது.

செலவுக் கணக்குப் பழக்கினபோது றிஸ்னா மிஸ் என் தாளைப் பார்த்துவிட்டு உங்களுடைய சம்பளம் எங்கே என்று கேட்டா. என் கடைதானே, எனக்கு எதற்குச் சம்பளம் என்றேன். "அப்ப நீங்கள் வேலை செய்யேல்லையோ?" என்று கேட்டா. வகுப்பே சிரித்தது. என் கூலியையும் போட்டுப் பார்த்தால் நான் சொல்லி வைத்த விலை சரிவராது. கூட்ட வேண்டும். எப்படிக் கேட்பது என்று தெரியாமல் ஒரு கிழமை சுற்றித் திரிந்தேன், பிறகு சோமசேகரத்தாரிடம் கேட்டேன். யோசிக்கிறேன் என்றார். ஒருவரை மட்டும் நம்பி இருக்க வேண்டாம், வேறு ஆட்களையும் பிடியுங்கள் என்றும் மிஸ் சொல்கிறா. பிடிக்கத்தான் வேண்டும், அதற்கு எங்கே நேரம்?

கடை தாங்குமா என்று கேட்டிருந்தீர். பார்ப்போம். கோயில் திருவிழாக்களுக்குக் கஜந்தியை அம்மா கூட்டிக்கொண்டு போகிறார். உமது பழைய இடுப்பு வலி எப்படி என்று நான் கேட்டதற்கு நீர் பதில் சொல்லவில்லை.

அன்புடன்,
பிரகலாதன்.


ஐப்பசி, புதன்.

அன்பின் சிவாஜினிக்கு,

இது ஷிஃபானாவின் கையில் வருகிறது. லீவு முடிந்து சனிக்கிழமை அங்கே விமானம் ஏறுகிறா. இதைத் தனியாக இருந்து வாசியும்.

முதலில் நான் ஒளித்ததைச் சொல்கிறேன். சோமசேகரத்தார் சொந்தமாக ஒரு மெஷின் வாங்கிவிட்டார், தண்ணீர் சுத்தம் பண்ணுகிற ஒன்றும் பூட்டிவிட்டார். புரட்டாசியோடு அவருடைய துணி நின்றுபோயிற்று. நான் விலை கூட்டியதால்தானா என்று கேட்டேன். இல்லையாம், போன வருஷமே நினைத்திருந்தாராம். நல்ல மனுசன், போகும்போது என் தோளில் தட்டிவிட்டுப் போனார். தட்டி என்ன செய்ய? சீசனும் முடிந்துவிட்டது. இரண்டு வெள்ளிக்கிழமை இதைச் சொல்ல வாயெடுத்தேன். நீர் கடை எப்படி என்று கேட்க, கஜந்தி நல்லா நடக்குதம்மா என்று சொல்லிவிட்டாள். பிள்ளையைப் பொய்க்காரியாக்க எனக்கு மனம் வரவில்லை.

அந்த நாட்களில் முன் அறைக்குள் போகவே பிடிக்கவில்லை. மெஷின் சும்மா நிற்கிறதைப் பார்க்க ஏலாது. அண்ணர் அந்தப் பக்கம் போகும்போது உள்ளே எட்டிப் பார்க்கிறார் போல ஒரு நினைப்பு. றிஸ்னா மிஸ்ஸிடம் போய் எல்லாம் முடிந்தது என்றேன். அவ பெரிதாக ஆறுதல் சொல்லவில்லை. மற்றவர்களுக்கு ஏலாத எந்த வேலை உங்களுக்கு ஏலும் என்று மட்டும் கேட்டா. யோசித்துப் பார்த்தால் எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. மஞ்சள் கறை எடுப்பது.

முனீப்பையும் கூட்டிக்கொண்டு டவுனில் உள்ள கல்யாண மண்டபங்களுக்குப் போனேன். மேசை விரிப்பு, கதிரை உறை, எல்லாவற்றிலும் மஞ்சளும் கறியும்தானே. ஒரு மண்டபக்காரர் இனி எறிவதற்கென்று மூலையில் குவித்து வைத்திருந்த உறைகளைக் காட்டி, இதில் உள்ள கறையை எடுத்துக் காட்டும் பார்ப்போம் என்றார். நாலு நாள் வெயிலில் திருப்பித் திருப்பிப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் ஒரு உறையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு அடுத்த கல்யாணத்துத் துணியை ஓட்டோவில் ஏற்றிவிட்டார். பிறகு இன்னொரு மண்டபமும் சேர்ந்தது. உமது அம்மாவிடம் சொன்னேன், அவர் போட்ட மஞ்சள் துண்டுதான் இப்போது எங்களுக்குச் சோறு போடுகிறது என்று. அதைப் பத்திரகாளி கோயில் வாசல் வரை போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

இப்போது நல்ல காலம் என்று நினைக்க வேண்டாம். மழை தொடங்கிவிட்டது. கல்யாணமும் இந்த மாதத்தில், மழையும் இந்த மாதத்தில். விரித்துவிட்டு உள்ளே வரமுன் தூறும். ஓடிப்போய் அள்ளுவேன். மழை விட்டு ஒரு வெளிப்பு வரும், திரும்ப விரிப்பேன். இப்படி ஒரு நாளில் எத்தனை தரம் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். கேட்ட நாளுக்கு ஒரு நாள் பிந்தும் என்று முதலே சொல்லிவிடுகிறேன், அதையும் அந்த வகுப்பில்தான் படித்தேன். மார்கழியில் கல்யாணமே இல்லை. தை வரை இழுத்துக்கொண்டு போக வேண்டும். நன்றாகக் களைத்துப் போனேன், சிவாஜினி. உம்மிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

இனி நீர் ஒளித்ததற்கு வருகிறேன்.

நேற்றுக் கிண்ணியாவில் முனீப் வீட்டுக்குப் போயிருந்தேன். உம்மைப் பற்றிக் கேட்டதற்கு ஷிஃபானா, "நல்லா இருக்கிறா" என்றா. சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை. தேத்தண்ணி கொண்டு வந்து வைத்துவிட்டுத் திரும்பக் குசினிக்குப் போனவ, வாசலில் நின்றுகொண்டு சொன்னா. "அண்ணே, அவ சொல்ல வேணாம் எண்டு சத்தியம் வாங்கினவ. மெத்தை தூக்கேக்க இடுப்புப் பிடிச்சுப் போச்சு. ஒரு கிழமையாச் சுவரைப் பிடிச்சுக்கொண்டுதான் நடந்தவ. அப்பவும் வேலை செய்தவ."

அந்தத் தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு எழும்பினேன். கிண்ணியாப் பாலத்தால் திரும்பி வரும்போது முனீப் என்னென்னவோ கதைத்தான், ஒன்றும் காதில் விழவில்லை. ஆவணியில் நான் கேட்டபோது நீர் எனக்கு ரப்பர் விரிப்பை மடிக்கக் காட்டித் தந்தீரே, அது அந்தக் கிழமைதானா? இரண்டு கையையும் தூக்கி, குனிந்து, நிமிர்ந்து, சிரித்துக்கொண்டு காட்டினீர். நானும் இங்கே பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

ஏஜென்சிக்காரன் மாத முடிவுக்குள் பதில் கேட்கிறான் என்றீர். கடை தாங்குமா என்று ஆறு மாதமாகக் கேட்கிறீர், நான் பார்ப்போம் பார்ப்போம் என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். இன்றைக்குச் சொல்கிறேன். ஒரு ஆளோடு தாங்காது. சம்பளத்துக்கு ஆள் வைக்கவும் வழியில்லை, கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். நாங்கள் இரண்டு பேரும் நின்றால் தாங்குமா என்று நேர்மையாக எனக்குத் தெரியாது. குசினிக் கூரை இன்னும் சில வருஷம் தகரமாகவே இருக்கும். கஜந்தியின் ரியூஷனுக்கு இழுபறிப்படுவோம். மார்கழியில் கறி குறையும். இவ்வளவையும் தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன். கையெழுத்து வைக்க வேண்டாம்.

பாரமான வேலை ஒன்றும் உமக்கில்லை. தோய்க்கவும் தூக்கவும் நான் இருக்கிறேன். நீர் கதிரையில் இருந்துகொண்டு விரிப்பின் அந்த மற்ற முனையைப் பிடித்தால் போதும். யன்னல் கம்பியோடு எவ்வளவு நாளைக்குக் கதைப்பது?

கோணேசர் உம்மை நோகாமல் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உமது வரவைப் பார்த்திருக்கும்,
பிரகலாதன்.

பி.கு.: உமது அம்மா இரண்டு கம்பளியும் ஒரு பிளாஸ்க்கும் கேட்டு எழுதச் சொன்னார். கஜந்தி ஒரு பை கேட்டாள். நான் எழுதியதாக இருவருக்கும் சொல்லியிருக்கிறேன். நீர் ஒன்றும் வாங்க வேண்டாம், பெட்டி கட்ட வேண்டாம். விமான நிலையத்துக்கு நான் வருவேன். கையை வீசிக்கொண்டு வாரும்.