மேடையில் கூப்பிட்ட பெயர்கள்

அன்று இரண்டாம் முறையும் கூப்பிடச் சொல்லி நீ ஏன் கையை உயர்த்தினாய்? இந்தக் கேள்விக்கு எனக்கு விடை தெரியாது. நீ இருந்தவரை கேட்கவில்லை. இப்போது கேட்டுப் பயனில்லை என்பதும் தெரியும். ஆனால் இன்று காலை பள்ளிக்கூட மதிலில் இரண்டு இளைஞர்கள் விளம்பரத் தாள் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். மயில்துத்தம் கலந்த புளியங்கொட்டைப் பசையின் வாடை ஜன்னல் வழியாக என் அறைக்குள் வந்தது. உன்னுடைய நாடகத் திரைகளில் அடித்த வாடை. வெளியே போய்ப் பார்த்தேன். தாளில் உன் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. உன் நினைவாக அதே நாடகத்தை மறுபடியும் போடப்போகிறார்களாம். "நாலு வார்த்தை பேசணும் டீச்சரம்மா, அவுங்களோட கூடப் படிச்சவுங்க நீங்கதானே" என்றான் ஒருவன். பேச மாட்டேன் என்றேன். உன்னைப் பற்றி அவர்களிடம் சொல்வதைவிட உன்னிடமே சொல்வது நேர்மையானது என்று தோன்றுகிறது.

சென்னையில் கல்லூரி விடுதியில் நமக்கு ஒரே அறை. அந்தப் பழைய வடமொழி நாடகம் நமக்குப் பாடமாக இருந்தது. அரசன் முதல் காட்சியிலேயே உறங்கிவிடுகிறான், கடைசிவரை விழிப்பதில்லை. அவன் கனவில் மரங்கள் சபைக்கு வழக்குக் கொண்டுவருகின்றன. சந்திரன் பிச்சைப் பாத்திரத்தோடு வாசலில் நிற்கிறான். அரசி தன் நிழலைத் தொலைத்துவிட்டு அடுக்களையில் தேடுகிறாள். மூன்றாம் அங்கத்தில், கோட்டை கட்டும்போது செத்துப்போனவர்களை மந்திரி ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைக்கிறார். யாரும் பதில் சொல்வதில்லை. அந்த மௌனத்தில் அரசனின் கிரீடம் மணலாகிச் சரிகிறது.

"இதில் ஒன்றுமே நடக்கவில்லையே" என்றேன் நான்.

"கனவில் நடப்பதற்கு யாராவது சாட்சி கேட்பார்களா?" என்றாய். உடனே சிரித்துவிட்டு, "நீ கேட்பாய்" என்றாய்.

கேட்பேன்தான். இப்போதும் கேட்கிறேன்.

பெண்கள் பள்ளியை நடத்த நான் பதுளைக்கு வந்து சில ஆண்டுகளுக்குப் பின் நீ வந்தாய், ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சரின் மனைவியாக. ரயில் அப்போது பண்டாரவளையோடு நின்றுவிடும். மீதி வழியை மாட்டு வண்டியில் வந்து, வந்த அன்றே என் வீட்டு வாசலில் நின்று, "இந்த ஊரில் நாடகக் கொட்டகை எங்கே இருக்கிறது?" என்று கேட்டாய். இல்லை என்றேன். "அப்படியானால் ஒன்று செய்துகொள்ள வேண்டியதுதான்" என்றாய். தலைகூட வாராமல் நீ அப்படிச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. அதை மறைக்கப் போவதில்லை.

கடைவீதிக்குப் பின்னால் ஒரு பழைய கோப்பிக் களஞ்சியம் கிடந்தது. கோப்பிச் செடிகள் நோயில் அழிந்த பிறகு வௌவால்கள் மட்டும் குடியிருந்த இடம். அதன் சொந்தக்காரரான துணிக்கடை முதலாளியிடம் என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். அவர் கதை முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "என்னா டீச்சர், ராசா மொதல்லயே படுத்துட்டா பாக்க வாறவன் என்ன செய்றது? அவனும் பாய் கொண்டு வாறதா?" என்றார். பிறகு சாவியைக் கொடுத்துவிட்டார். அதோடு ஊருக்குள் அது 'தூங்குற ராசா நாடகம்' ஆகிவிட்டது.

நடிகர்கள் எல்லோரும் கடைவீதி ஆண்கள். அரசியாக நகைக்கடைப் பையன். மந்திரியாக, முதலாளியின் கடை வாசலில் தையல் மிஷின் போட்டிருந்த ஒல்லியான மனிதன். முதல் நாள் ஒத்திகையில் நீ ஒரு திரைக்குப் பின்னால் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாய். மறுநாள் திரையைக் கழற்றிச் சந்திரனுக்கு மேகமாகத் தைக்கக் கொடுத்துவிட்டாய். ஊர் பேசியது. நீ பொருட்படுத்தவில்லை. பிறர் பேச்சைப் பொருட்படுத்தாமல் இருப்பது துணிச்சல் என்று அப்போது நினைத்தேன். பிறர் என்பதே உன் கண்ணில் படவில்லையோ என்று பிற்பாடு தோன்றியது.

மூன்றாம் அங்கத்துக்கு வந்தபோது உனக்குத் திருப்தி வரவில்லை. நாடகத்தில் இருந்த பெயர்கள் வெறும் சத்தமாக இருக்கின்றன என்றாய். உன் கணவர் பசறைப் பாதையிலிருந்த ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு வைத்தியம் பார்க்கப் போகும்போது நீயும் கூடப் போனாய். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயங்களில் பெண்களோடு உட்கார்ந்து, யார் யார் செத்தார்கள் என்று கேட்டாய். காய்ச்சலில் போனவர்கள், வயிற்றுப்போக்கில் போனவர்கள், காடு வெட்டும்போது மரம் விழுந்து போனவர்கள். அவர்கள் பாலில்லாத தேயிலைச் சாயம் ஊற்றிக்கொடுத்துச் சொன்னார்கள். அந்தப் பெயர்களை அப்படியே மந்திரியின் வாயில் வைத்தாய்.

"மேடையில் சொல்லப்போவதாக அவர்களிடம் சொன்னாயா?"

"சந்தோஷப்படுவார்களடி. அவர்கள் பெயரை வேறு யார் சொல்லப்போகிறார்கள்?"

"சொன்னாயா என்று கேட்டேன்."

"உனக்கு எல்லாவற்றுக்கும் கையெழுத்து வேண்டும்" என்றாய்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் நாடகம். முன்வரிசை நாற்காலிகளில் ஊர்ப் பெரியவர்களும், அவர்களோடு சமமாக அந்தத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் பெரிய கங்காணியும். நீதான் அழைத்திருந்தாய். கறுப்புக் கோட்டு, ஜரிகைத் தலைப்பாகை, காதில் கடுக்கன். நாற்காலிகளுக்குப் பின்னால் பெஞ்சுகளில் கடைவீதிக்காரர்கள். கங்காணி தன் ஆட்களைக் கூட்டிவந்து அவர்களுக்கும் பின்னால் பாயில் உட்காரவைத்திருந்தார். அவர்களுக்கு அது பெரிய நாள். வீராயி என்ற பெண் என்னை அடையாளம் கண்டு, "டீச்சரம்மா, மரமெல்லாம் பேசுமாமே, நெசமா?" என்று கேட்டாள். பேசும் என்றேன். "எங்க தேயிலச் செடி பேசுனா நல்லாத்தான் இருக்கும். கங்காணியாரு காதப் பொத்திக்கிட்டு ஓடுவாரு" என்றாள். பக்கத்திலிருந்தவர்கள் முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தார்கள். போன மழையில் அவளுடைய மகள் மாரியாயி இறந்துபோயிருந்தாள். அது எனக்கு அப்போது தெரியாது. உனக்குத் தெரியும்.

மரங்கள் பேசின. சந்திரன் பிச்சை கேட்டபோது பாயிலிருந்த ஒரு கிழவர் வெற்றிலைப் பையைத் திறந்து பாதிப் பாக்கை மேடைக்கு எறிந்தார். மூன்றாம் அங்கம் வந்தது. உன் தையற்காரன் கோலை ஊன்றி நின்று சபையைப் பார்த்தான். ஒத்திகையில் அவன் பெயர்களை ராகம் போட்டு இழுப்பான். அன்று ராகம் வரவில்லை.

பெரட்டில் பெயர் கூப்பிடுவதை நீயும் கேட்டிருக்கிறாய். விடிந்ததும் தோட்டத்து ஆட்கள் வரிசையாக நிற்க வேண்டும். கங்காணி கோலோடு நின்று, பெயரின் கடைசி எழுத்தை வெட்டி வெட்டிக் கூப்பிடுவார். "இருக்கு" என்று குரல் வராவிட்டால் அன்றைக்குப் பாதிக் கூலி, அல்லது அதுவும் இல்லை. பிள்ளை இன்னும் மேட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தால் தாய் குரல் கொடுப்பாள். புருஷன் காய்ச்சலில் கிடந்து பின்னால் வருவானென்றால் பெண்சாதி குரல் கொடுப்பாள். அதை யோசித்துச் செய்வதில்லை. பெயர் காதில் விழுந்ததும் வாய் திறந்துவிடும்.

தையற்காரன் அந்தக் குரலில்தான் கூப்பிட்டான். பிறகு ஒருநாள் நான் அவனிடமே கேட்டேன். அவன் லயத்தில் பிறந்து வளர்ந்தவன். "பயந்துட்டேன் டீச்சரம்மா. கங்காணியாரு முன்னுக்கே ஒக்காந்திருக்காரு. அவரு மொகத்தப் பாத்தேன், அவரு கொரலு வந்துருச்சு" என்றான். நம்புகிறேன். அதனால் முதல் முறை நடந்ததற்கு உன்னை நான் குற்றம் சொல்லவில்லை.

"மாரியாயி!"

"இந்தா இருக்கா சாமி! வந்துக்கிட்டே இருக்கா!"

பின்னாலிருந்து வீராயியின் குரல். பெஞ்சிலிருந்தவர்கள் சிரித்தார்கள். பபூன் வேலை என்று நினைத்துவிட்டார்கள். தையற்காரன் அடுத்த பெயரைக் கூப்பிட்டான். முத்தன். "இருக்குங்க" என்றது ஒரு பெண் குரல். பழனியாண்டி. "இருக்காருங்க." சிலர் பாயிலிருந்து எழுந்து நின்றிருந்தார்கள், வரிசையாக. மௌனத்தைக் கேட்டு மணலாக வேண்டிய கிரீடத்தை என்ன செய்வதென்று தெரியாமல் அரசன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான். அந்தக் காட்சியின் பொருள் எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. உறைத்தபோது, சாட்சி கேட்கும் நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் பெஞ்சிலிருந்து அந்தக் கூச்சல் எழுந்தது. "ஒன்ஸ்மோர்! ஒன்ஸ்மோர்!" சென்னையிலிருந்து வரும் கம்பெனி நாடகங்களில் பழகிய கூச்சல். பாட்டுப் பிடித்துவிட்டால் செத்த ராஜாவும் எழுந்து, மறுபடியும் பாடி, மறுபடியும் சாவான். அதற்குத்தான் காசு. தையற்காரன் பக்கத் திரையைப் பார்த்தான். நீ அங்கே நின்றிருந்தாய். நான் நேர் எதிரே இருந்தேன், உன் முகம் நன்றாகத் தெரிந்தது. உன் கன்னமும் நனைந்திருந்தது. நீ பாயைப் பார்த்தாய், பெஞ்சுகளைப் பார்த்தாய். பிறகு கையை உயர்த்தினாய்.

அவன் மறுபடியும் முதலிலிருந்து கூப்பிட்டான்.

"மாரியாயி!"

இந்த முறை வீராயி வாய் தவறிச் சொல்லவில்லை. எழுந்து, உட்கார்ந்திருந்தவர்களைத் தாண்டி, மேடையை நோக்கி இரண்டடி வந்தாள். "இருக்காளா?" என்று கேட்டாள். தையற்காரனுக்கு அதற்கு வசனம் இல்லை. பெஞ்சில் கைதட்டினார்கள். பெரிய கங்காணி நாற்காலியில் திரும்பி, எழுந்து நின்றவர்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தார். முதல் முறை அவர் திரும்பவில்லை. முதல் முறை அவரும் மேடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரை விழுந்ததும் அவர் உள்ளே வந்தார். கோபம் என்று நீ நினைத்தாய். எனக்கு அவர் பயந்திருந்ததாகப் பட்டது. "என்னாம்மா இது? செத்தவுக பேருக்கு எங்க ஆளுக கொரலு குடுக்குறத ஊரே பாத்துருச்சு. தொர காதுல விழுந்தா என்னா கேப்பாரு? 'ஏ கங்காணி, ஒன் பெரட்டுலயும் பொணந்தான் வேல செஞ்சு கூலி வாங்குதா'ன்னு கேப்பாரா மாட்டாரா?"

"அது கனவுக் காட்சி, கங்காணியார்" என்றாய்.

"ஒங்களுக்குக் கனவும்மா. நான் காலையில பேர் கூப்புடணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். உன் கை சுட்டது. "பார்த்தாயா? இரண்டாயிரம் வருஷமாகப் பதில் வராத இடத்தில் பதில் வந்துவிட்டது பார்த்தாயா?" என்றாய். நான் கையை விடுவித்துக்கொண்டேன். நாம் பேசுவது அன்றிலிருந்து குறைந்தது. காரணத்தை நீ கேட்கவில்லை.

அதன் பிறகு நீ நிறையச் செய்தாய். ஹட்டனிலும் கண்டியிலும் உன் நாடகங்களைப் பற்றிப் பேசினார்கள். ஆட்களை ஒரே தோட்டத்தோடு கட்டிப்போட்ட துண்டுச் சீட்டு முறையை எதிர்த்துக் கூட்டங்களில் பேசினாய், நன்றாகவே பேசினாய் என்று சொன்னார்கள். இன்று அந்த முறை சட்டத்தில் இல்லை. அதில் உனக்கும் பங்குண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு கதை வளர்ந்து வந்ததையும் நீ மறுக்கவில்லை. நாடகத்தின் மறுநாள் காலை, பெரட்டில் கங்காணி பெயர் கூப்பிட, தோட்டம் முழுவதும் வாய் திறக்காமல் நின்றதாம். ஒரு நாடகம் ஒரு தோட்டத்தையே நிமிர்த்திவிட்டதாம். உன் இறுதிச் சடங்கில் ஒரு வக்கீல் இதைச் சொல்லி அழுதார். மதிலில் தாள் ஒட்டிய பையன்களும் இன்று அதைத்தான் சொன்னார்கள். அவர்கள் கண்கள் மின்னின. அந்தக் கதை அவர்களுக்கு எதற்கோ தேவைப்படுகிறது, எனக்கும் புரிகிறது. நான் அதைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொன்னதில்லை. காலையில் வகுப்பில் வருகைக்குப் பெயர் கூப்பிடும்போது, பதில் வராத பெயரை நான் இரண்டாம் முறை கூப்பிடுவதும் இல்லை. உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவ்வளவுதான்.

அந்த மறுநாள் நடந்ததை இங்கே எழுதிவைக்கிறேன். அன்று பள்ளிக்கு விடுமுறை. உனக்குத் தலைவலி. உன் கணவர் தோட்டத்து நோயாளிகளைப் பார்க்கப் புறப்பட்டபோது நான் வண்டியில் ஏறிக்கொண்டேன். தோட்டத்துக்குத் திரும்பும் சந்தியில், சாலையோரக் கல்லில் வீராயி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு மூட்டை, இரண்டு பானை, சுருட்டிய பாய், ஒரு கோழி. தோட்டத்தை விட்டு அனுப்பிவிட்டார்கள். துண்டுச் சீட்டு கொடுக்கவில்லை. அந்தச் சீட்டு இல்லாமல் வேறு தோட்டத்தில் ஏற்க மாட்டார்கள். மடுல்சீமையில் தம்பி இருக்கிறான், அங்கே போய்க் கேட்டுப் பார்ப்பேன் என்றாள்.

"காலையில பெரட்டுல என்ன நடந்துச்சு?" என்று கேட்டேன்.

"என்னா நடக்கும் டீச்சரம்மா? பேர் கூப்ட்டாக. எல்லாரும் இருக்குன்னு சொன்னாக. எம் பேரக் கூப்புடல."

உன் கணவர் அவளைப் பசறைவரை வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் விட்டார். அங்கிருந்து மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்து போனாள். அதற்குமேல் அவளைப் பற்றி எனக்குத் தெரியாது. மாலையில் உன் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். நீ கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, நெற்றிப் பற்றைத் துடைத்துவிட்டுக் கேட்டாய்.

"அழுதாளா?" என்றாய்.

"இல்லை" என்றேன்.