பஞ்சாலை நெஞ்சில் ஓடும் மிஷின்

செண்டாயான் பக்கத்துத் தோட்டம்,
நெகிரி செம்பிலான்.
1954, ஐப்பசி.

அன்பு மகன் தங்கராஜுக்கு, அப்பன் சன்னாசி ஆசீர்வாதம் சொல்லி எழுதச் சொல்வது.

உன் கடிதம் கிடைத்தது. மில்லில் வேலைக்குச் சேர்ந்ததையும் இருமல் விட்டதையும் கேட்டு மனசு ஆறியது. இங்கே நானும் மருமகள் மயிலம்மாளும் நடமாட்டமாக இருக்கிறோம். எழுதுகிறவர் பள்ளிக்கூடத்து வாத்தியார் கணேசமூர்த்தி. நான் சொல்வதைத் திருத்தாமல் எழுதுங்கள் என்றேன், தலையாட்டினார். ஆனாலும் சில சொல்லுக்கு அவர் பேனா நின்றுவிடுகிறது. கடிதத்தைப் பிரித்துப் பார்க்கிற காலம்.

தை மாதக் கப்பலில் ஊருக்குப் போகிற, வேலை மேற்பார்க்கிற மண்டோர் குடும்பத்தோடு பஞ்சாலையை அனுப்பிவிடுங்கள், மகள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். சர்க்கார் உன்னைப் பிடித்துக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பியபோது அவள் தவழ்ந்துகொண்டிருந்தாள். நீ கேட்பதில் ஒரு தப்பும் இல்லை. நானும் சம்மதித்துத்தான் இருந்தேன். அதற்குள் ஒன்று நடந்துவிட்டது. பொறுமையாகக் கேள்.

ஓடினால் அவளுக்கு மூச்சு வாங்கும், சளி விடாது என்று முன்பே எழுதியிருந்தேன். தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிரெசர் சிரம்பான் ஆசுபத்திரிக்கு அனுப்பினார். அங்கே கொஞ்ச நாள் படுக்க வைத்தார்கள். வருகிற போகிற டாக்டரெல்லாம் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, தங்களுக்குள் பேசிக்கொண்டு போனார்கள். உள்ளே ஏதோ சத்தம், பெரிய டாக்டர் பார்த்தால்தான் மேற்கொண்டு சொல்ல முடியும் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர்களுக்குச் சிங்கப்பூரில் ஒரு பரீட்சை இருக்கிறதாம். காகிதத்தில் எழுதினால் மட்டும் போதாது. முன்பின் தெரியாத பிள்ளையைக் கட்டிலில் உட்கார வைத்து, பரீட்சைக்காரர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தொட்டுப் பார்த்து, தட்டிப் பார்த்து, என்ன நோய் என்று சொல்ல வேண்டும். அதற்கு ஒத்திகையை நம் சிரம்பானில் வைத்தார்கள். நடத்தி வைக்க, நெஞ்சு நோயில் கெட்டிக்காரரான வெள்ளைக்கார டாக்டர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து வந்தார். ஒத்திகைக்குப் பிள்ளைகள் வேண்டும், பஞ்சாலையைக் கூட்டி வருகிறீர்களா என்று ஆசுபத்திரி நர்ஸ் மிஸ்ஸி கேட்டாள். என் பேத்தி என்ன சந்தையில் வைக்கிற பண்டமா என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவளோ, “அந்தப் பெரியவர் ஒரு தடவ இவ நெஞ்சுல குழாய் வச்சாப் போதும் தாத்தா. வேற எந்த வழியில அவர்கிட்ட போவீங்க?” என்றாள். சரி, கூட்டி வருகிறேன் என்றேன்.

அன்றைக்குக் காலை தோட்டத்து கேட்டிலேயே தடங்கல். காட்டில் ஒளிந்திருக்கிறவர்களுக்குப் போய்விடும் என்று, வேலிக்கு வெளியே சாப்பாடு கொண்டுபோக இப்போது இங்கே அனுமதி இல்லை. மயிலம்மாள் கட்டிக்கொடுத்த சோற்றைக் காவலுக்கு நின்ற மலாய்க்காரப் பையன் பார்த்துவிட்டான். பிடுங்கிக் கொட்டுவான் என்று நினைத்தேன். “மக்கான் சினி லா, பாக்சிக்” என்று சொல்லி, அங்கேயே சாப்பிட வைத்துக் கூட்டிப்போகச் சொன்னான். இவள் கல்லில் உட்கார்ந்து ஒவ்வொரு பருக்கையாக மெல்லுகிறாள். பஸ்காரன் ஹாரன் அடிக்கிறான். சோதனைக்கு வரிசையில் நின்ற பொம்பளைகள், “அடியே, கல்யாணப் பொண்ணு மாதிரி மெல்லுறியே, முழுங்குடி!” என்று கத்துகிறார்கள். “டாக்டரு மென்னுதான் திங்கச் சொன்னாரு” என்று நிமிர்ந்து சொன்னாள் உன் மகள். வாய்க்குக் குறைச்சல் இல்லை. அது உன் பக்கத்துச் சொத்து.

ஆசுபத்திரியில் மிஸ்ஸி எங்களைக் கண்டிப்பாக எச்சரித்தாள். பிள்ளைக்கு என்ன நோய், எங்கே நோய் என்று பரீட்சைக்குப் படிக்கிற டாக்டர்களிடம் மூச்சு விடக்கூடாது. விட்டால் பெரியவருக்குக் கோபம் வரும். நான் பஞ்சாலையிடம் திரும்பத் திரும்பச் சொல்லி வைத்தேன்.

முதலில் ஒரு சீன டாக்டர் வந்து பார்த்துவிட்டு டக்கென்று ஏதோ சொல்லிப் போனார். அடுத்து வந்தது சரோஜினிதேவி என்கிற டாக்டரம்மா. வேறு ஊர் ஆசுபத்திரியில் வேலை, யாழ்ப்பாணத்துத் தமிழ். குழாயின் முனையை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டுதான் பிள்ளைமேல் வைத்தாள். “நோகுதோ பிள்ளை?” என்று கேட்டாள். “நோவுல, கூசுது” என்றாள் இவள். அத்தனை நாளும் இங்கிலீஷிலேயே தடவிப் பார்த்தவர்கள் நடுவில் ஒருத்தி தமிழில் கேட்டதும் இவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

டாக்டரம்மாவுக்குச் சரியான இடம் அகப்படவில்லை. மாருக்குக் கீழே வைத்தாள், ஓரத்தில் வைத்தாள், மறுபடி கீழே வந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை. பெரியவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அப்போது உன் மகள் குழாயைப் பிடித்து மேலே இழுத்து, இடது பக்கம் கழுத்தெலும்புக்குக் கீழே வைத்துக்கொண்டு, “இங்க வைங்க டாக்டரம்மா. எல்லாரும் இங்கதான் ரொம்ப நேரம் வைப்பாங்க” என்றாள்.

நான் படித்துப் படித்துச் சொன்னதெல்லாம் போயிற்று. என்ன சொல்கிறாள் என்று பெரியவர் கேட்டார். அந்தத் துரைக்குத் தமிழா தெரியும்? என்னத்தையாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். டாக்டரம்மா மழுப்பவில்லை. பிள்ளைதான் இடத்தைக் காட்டிக் கொடுத்தாள், நானாகக் கண்டுபிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டாளாம். மிஸ்ஸி பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். பெரியவர் முகம் சிவந்தது. எல்லாம் கெட்டது, விரட்டப்போகிறார் என்று நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பஞ்சாலை காட்டிய இடத்தில் தன் குழாயை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் கேட்டார்.

பிறகு என்னைக் கூப்பிட்டு, அந்தக் குழாயை என் காதில் மாட்டினார். தங்கராஜு, ரப்பர் சீட்டு உருட்டுகிற மிஷின் ஸ்டோரில் ஓடுமே, இடைவிடாத இரைச்சல், அதேதான். இத்தனை சின்ன நெஞ்சுக்குள் அது ராப்பகலாக ஓடுகிறது.

டாக்டரம்மாதான் தமிழில் விளக்கினாள். தாயின் வயிற்றில் இருக்கும்போது எல்லாப் பிள்ளைக்கும் நெஞ்சுப் பக்கத்தில் ஒரு சின்ன ரத்தக்குழாய் திறந்திருக்குமாம். பிறந்ததும் தானே மூடிக்கொள்ளும். இவளுக்கு மூடவில்லை. சிங்கப்பூரில் விலாப் பக்கம் திறந்து, நூலால் அதைக் கட்டிவிடலாம். கட்டாமல் விட்டால் வளர வளர நெஞ்சு களைத்துப்போகும். பிழைப்பாளா என்று நேராகக் கேட்டேன். “அனேகமாப் பிழைப்பாள் ஐயா. ஆனா நான் சத்தியம் பண்ண மாட்டன்” என்றாள். அந்தப் பேச்சால்தான் எனக்கு அவள்மேல் நம்பிக்கை வந்தது.

அவளுக்குக் கார்த்திகையில் சிங்கப்பூரில் பரீட்சை. தான் போகிற ரயிலிலேயே எங்களையும் கூட்டிப்போய், பெரியவரிடம் சேர்த்துவிடுகிறேன் என்கிறாள். கிளம்பும்போது பஞ்சாலையிடம், “என்னைக் காப்பாத்தப் பாத்தனியோ?” என்று கேட்டாள். “நீங்க அழுதுருவீங்கன்னு நெனச்சேன்” என்றாள் இவள். அந்த ஒத்திகையில் டாக்டரம்மாவுக்கு மதிப்பெண் இல்லையாம். அதற்காக அவள் முகம் கோணவில்லை.

இனி வீட்டுச் செய்தி. மயிலம்மாள் சம்மதிக்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “அவரு உசுரோட இருக்கிற ஊரு தெரிஞ்சும் ஒரு வார்த்த கேக்காம, புள்ள நெஞ்சைத் திறக்க விடச் சொல்றீங்களா மாமா? கப்பல்ல ஏத்திடுங்க. அப்பன் முகத்தையாவது பாத்துக்கட்டும்” என்றாள். சொல்லிவிட்டு ரப்பர் பால் வாளியைக் கழுவப் போய்விட்டாள். ஏற்கெனவே கழுவி வைத்திருந்த வாளி அது. நான் கைநாட்டு வைத்தால் ஆசுபத்திரியில் ஏற்றுக்கொள்வார்கள்தான். அவளை மீறி நான் வைக்க மாட்டேன்.

என் மனசைக் கேட்டால், கட்டிவிடலாம் என்பேன். கப்பல் பிறகும் வரும்.

நீ போன நாளிலிருந்து எழுதிய கடிதமெல்லாம் என் பேருக்குத்தான். கடைசியில், ‘வீட்டிலும் விசாரித்ததாகச் சொல்லவும்’ என்று ஒன்று இருக்கும். அது நம் வழக்கம், உன்னைக் குறை சொல்லவில்லை. உன் அம்மாவுக்கு நானும் தனியாக ஒரு சொல் சொல்லியனுப்பியவன் இல்லை. வாத்தியார் வாசிக்கும்போது மயிலம்மாள் கதவுக்குப் பின்னால் நிற்பாள். அந்த ஒரு வரி வந்ததும் உள்ளே போய்விடுவாள். முடிவதற்குள் போகிறாளே என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அவளுக்கு வர வேண்டியது அவ்வளவுதான் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

ஆகையால் இந்தத் தடவை எனக்கு எழுதாதே. உறைமேல் அவள் பேரைப் போடு. கட்டலாம் என்றாலும், வேண்டாம் என்றாலும் அவளிடமே சொல். சரி என்று மட்டும் எழுதி முடித்துவிடாதே. அவளை நீ என்ன சொல்லிக் கூப்பிடுவாய் என்று எனக்குத் தெரியாது, அப்படிக் கூப்பிட்டு எழுது. நீ சொல்லிக்கொடுத்த எழுத்தை அவள் மறக்கவில்லை, கூட்டிக் கூட்டி வாசித்துவிடுவாள். கொஞ்சம் பெரிய எழுத்தாக எழுது. நானும் வாத்தியாரும் அதைக் கையில் எடுக்க மாட்டோம்.

உன் கடிதம் கார்த்திகைக்குள் வந்து சேரட்டும், தங்கராஜு. உனக்கும் அவளுக்கும் பிள்ளைக்கும் முருகன் துணை.

உன் அப்பன்,
சன்னாசி
(கைநாட்டு)