பதினாலாம் எண் வீட்டுக்குத் தபால்

ஜூலை 10, புதன்

காலையில் தூறல். கேட்டின் கம்பியில் செருகியிருந்த தபாலைக் குரங்கு உருவிவிட்டது. இவருடைய இன்சூரன்ஸ் நோட்டீஸ். பாதி தெருவில், பாதி எதிர்வீட்டு ஷீட் கூரை மேல். மலையிலிருந்து இறங்கும் குரங்குகளுக்குக் காகிதம் என்றாலே சுண்டல் பொட்டலம்.

ஒரு பெட்டி செய்துவிட வேண்டியதுதான். கடையில் தொங்கும் தகர டப்பா இல்லை. யோசித்துச் செய்தது. பிளஸ் டூ டெஸ்ட் பேப்பர் திருத்துகிற நேரத்தில் வரைந்த பட்டியல்:

1. சரிவான மேல்மூடி, மழைக்கு.
2. வாய் உள்பக்கம் மடங்கி இருக்க வேண்டும். தாள் நுழையும், குரங்கின் கை நுழையாது.
3. சுவரில் பதித்து, பின்கதவு வீட்டுக்குள். குடை இல்லாமல் எடுக்கலாம்.
4. உள்ளே கடிதம் விழுந்தால் மேலே சிவப்புத் தகடு எழும்ப வேண்டும். சமையலறை ஜன்னலிலிருந்தே தெரியும்.
5. நாம் அனுப்ப வேண்டியதைச் செருக ஒரு கிளிப். தபால்காரப் பெண் போகிற போக்கில் எடுத்துக்கொள்ளலாம். விதி இடம் தருமா தெரியாது.
6. பக்கத்தில் தண்ணீர் பாட்டில் வைக்க ஒரு வளையம். அவளுக்கு.

ஃபிரிட்ஜில் ஒட்டினேன். மாலையில் பார்த்தால் இவர் பென்சிலால் சேர்த்திருக்கிறார்: "7. கடிதம் எழுத ஒரு ஆள்."

காபி போட்டுக் கொடுத்தேன்.

சரளாவிடமிருந்து பொங்கலுக்கு அப்புறம் ஒன்றுமே இல்லை. சென்னையில் எம்.எஸ்சி. படித்தபோது ஹாஸ்டலில் ஒரே அறை. கல்யாணமாகிக் கடப்பா போனதிலிருந்து மாதம் ஒரு கடிதம், இருபத்தைந்து வருஷமாக. இப்போது அவளுக்குக் காது கேட்பதில்லை. போன் என்றால் மகன்தான் பேச வேண்டும். தை மாதம் மகள் கல்யாணம். நான் போகவில்லை. செய்முறைத் தேர்வு என்று எழுதினேன். பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. கல்யாண வீட்டில் புதிதாக யார் பார்த்தாலும் முதல் கேள்வி, "உங்களுக்கு எத்தனை பசங்க?"

வாழ்த்து அனுப்பினேன். பதில் இல்லை. நானும் நிறுத்திக்கொண்டேன்.

ஜூலை 14, ஞாயிறு

வெயில். ரஃபீக் பாயின் வெல்டிங் பட்டறை. படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னா மேடம், ஏடிஎம்மு மாரி கீது?"

"தபால் பெட்டி, பாய்."

"லெட்டரு யாரு போட்றாங்க இப்ப? எங்க வூட்ல பொண்ணு பாக்கறதே வாட்ஸ்அப்புலதான்."

அங்கேயே தகட்டை வெட்டி, மாட்டிப் பார்த்தார். தகடு எழும்பவில்லை. ஒரு இன்லண்ட் கடிதத்தின் கனம் போதவில்லை.

"காத்தே இதவிட கனம். நீங்க கணக்கு போட்டது செங்கல்லுக்கு மேடம்."

பிறகு அவரே தகட்டைக் கழற்றிவிட்டு ஒரு சைக்கிள் கம்பியை வைத்து, நுனியில் சிவப்புத் துணி கட்டினார். எழும்பியது. இயற்பியல் படித்தது நான்.

திரும்பும்போது ஸ்டேஷன் வழி. சிறுவயதில் அப்பாவின் அவசரக் கடிதங்களை எடுத்துக்கொண்டு இங்கேதான் ஓடிவருவேன். ரயிலின் தபால் கோச்சிலேயே கடிதம் போட ஒரு துவாரம் இருக்கும். உள்ளே விளக்கு வெளிச்சத்தில் ஆட்கள் நின்றபடி ஊர்வாரியாகப் பிரித்துக்கொண்டிருப்பார்கள். வண்டி நகரும்போது போட்டால்தான் எனக்குத் திருப்தி.

ஜூலை 19, வெள்ளி

பெட்டி பதித்து இரண்டு நாள். இன்று சிவப்புத் துணி எழும்பியிருந்தது. அடுப்பை அணைக்காமல் ஓடினேன்.

மல்லிகைப் பூ. இலையில் கட்டி, ஈரம் சொட்ட.

பூக்காரக் கன்னியம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். "உள்ள குளுகுளுன்னு கீது டீச்சரம்மா. கேட்ல மாட்னா குரங்கு துன்னுட்து. பூவுக்குத்தான் செஞ்சீங்கன்னு நெனச்சேன்."

நல்ல பெட்டி என்று தெருவில் பேச்சாம். இவர் சாப்பிடும்போது, "பூப்பெட்டி இஞ்சினியர்" என்றார். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்திருந்தது.

சரளா இன்லண்டின் மடிப்பு ஓரம் வரை எழுதுவாள். பிரிக்கும்போது கோந்தோடு ஒரு வரி போய்விடும். என்ன வரி என்று அடுத்த கடிதத்தில் கேட்பேன். மறந்துவிட்டது என்று வேறு எதையாவது எழுதுவாள்.

ஜூலை 22, திங்கள்

லீவு போட்டேன். காரணம் தலைவலி. உண்மையில் தபால்காரப் பெண்ணைப் பிடிக்க. பவித்ரா. பொங்கலுக்குப் பிறகு வந்தவள், ஆர்.கே.பேட்டைப் பக்கம். தண்ணீர் பாட்டில் வளையத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

"உமான்னு பேர் போட்டு ஏதாவது வந்ததாம்மா? கடப்பாவிலிருந்து?"

"ஆங், வந்துதே. நாலஞ்சு கீது மேடம். பச்சை இங்க்கு. பதினாலுல போட்டுகினு இருக்கேனே."

"இதுதான் பதினாலு."

"இது இருபத்திரெண்டுங்க. தெருவுல யாரக் கேட்டாலும் அப்டிதான் சொல்றாங்க. பதினாலு அதோ, பச்சை கேட்டு."

"உமான்னா நான்தான்."

"உங்க பேரா? எல்லாரும் டீச்சரம்மான்றாங்க, எனக்கு எப்டி மேடம் தெரியும்?"

அவள் மேல் தப்பில்லை. புது வருஷத்தில் சரளாவுக்கு இப்படி எழுதியவள் நான்: 'ரைஸ் மில் பக்கம், வேப்பமரத்துக்கு எதிர்வீடு, டீச்சர் உமா' என்று இனிமேல் முகவரியில் ராமாயணம் எழுதாதே. நகராட்சி புது எண் கொடுத்துவிட்டது. உமா, 14, தெருப் பெயர், போதும், அதுதான் முறை. ஆனால் தெருவில் ஒருவரும் புது எண்ணுக்கு மாறவில்லை. பழைய பதினாலு பச்சை கேட். இவர் பெயருக்கு வருவதில் எல்லாம் பழைய முகவரி முழுசாக இருக்கும், ஒழுங்காக வந்துவிடும்.

ஆறு மாதம்.

ஜூலை 23, செவ்வாய்

பச்சை கேட் வீடு பூட்டு. சென்னைக்காரர்கள், ஆடிக் கிருத்திகைக்கு மட்டும் வந்து திறப்பார்கள். போன் நம்பர் வாங்கிப் பேசினேன். "சாவி ஏங்கிட்டதாம்மா கீது. கிருத்திகைக்கு மொத நாளு, பரணியன்னைக்கு வந்துருவோம்."

டார்ச் அடித்து அவர்கள் பெட்டியின் வாய்க்குள் பார்த்தேன். பச்சை மை தெரிந்தது. என் பெயரின் 'உ'. துணி ஹேங்கரை நிமிர்த்திக் கொண்டுபோனேன். இவர் பின்னாலேயே வந்து, "டீச்சரைப் போலீஸ் பிடிச்சா ஹெட்மாஸ்டருக்கு நான்தான் பதில் சொல்லணும்" என்றார்.

விட்டேன் ஹேங்கரை. அடுத்தவர் பெட்டி.

மகனுடைய நம்பர் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை அதில்தான் வந்தது. அவள் என்ன எழுதியிருக்கிறாள் என்று தெரியாமல் எப்படிப் பேசுவது? திட்டித்தான் எழுதியிருப்பாள்.

ஜூலை 28, ஞாயிறு. பரணி.

தெரு அடைபட்டுவிட்டது. காவடி, மஞ்சள் வேட்டி, மைக்கில் காணாமல் போன குழந்தைகளின் பெயர்கள்.

பத்தரைக்குப் பச்சை கேட் திறந்தது. வீட்டம்மா கட்டாகக் கொடுத்தார். "எங்களுக்கு யாரும்மா எழுதப் போறாங்க? நோட்டீசுங்கன்னு நெனச்சேன்."

ஐந்து கடிதம். தேதி வரிசையில் படித்தேன்.

முதலாவதில் கல்யாண போட்டோ. நான் வராததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இரண்டாவதில் மருமகன் சாப்பிடும் அழகு, முழுக்கக் கிண்டல். மூன்றாவதில், உடம்பு சரியில்லையா? நான்காவது நாலே வரி: நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா, எந்த வரி என்று சொல்.

ஐந்தாவது, மே மாதத் தொடக்கத்தில் எழுதியது. மகனோடு துபாய்க்குப் போகிறாளாம். கடப்பா வீட்டைக் காலி செய்தாயிற்று. "இந்த மே மாதக் கடைசி ஞாயிறு, காரில் சென்னை ஏர்போர்ட் போகிறோம். காலை பத்து மணிக்கு உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு வாசலில் கால் மணி நேரம் நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். வீடு தேட அவனுக்கு நேரமில்லை. வந்தால் பார்க்கலாம். வராவிட்டாலும் எனக்குப் புரியும்."

இங்கிருந்து பஸ் ஸ்டாண்டு நடந்தால் பத்து நிமிஷம்.

மதியம் சமைக்கவில்லை. இவர் ஒன்றும் கேட்காமல் அன்னதானப் பந்தலில் சாம்பார் சாதம் வாங்கி வந்தார்.

ஜூலை 29, திங்கள். கிருத்திகை.

லீவு. விடிந்ததிலிருந்து அரோகரா. மகனுக்கு நாலு முறை அடித்து அழித்து ஒரு செய்தி அனுப்பினேன். இரண்டு நிமிஷத்தில் வீடியோ கால்.

"ஆன்ட்டி! அம்மா பக்கத்துலதான் இருக்காங்க. கேக்காது, தெரியும்ல? பேப்பர் குடுக்கறேன்."

சரளா. இளைத்திருக்கிறாள். என்னையே பார்த்தாள். குனிந்து எழுதினாள். தாளைத் திரைக்கு நேரே பிடித்தாள். பச்சை மை.

"முக்கால் மணி நேரம் நின்றோம்."

டெஸ்ட் பேப்பர் ஒன்றின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினேன்: "கடிதமெல்லாம் நேற்றுதான் கிடைத்தது. எண் குழப்பம். என் தப்பு."

மூக்கைத் திரையில் ஒட்டிப் படித்தாள். இரண்டு தரம் படித்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. மகன் என்னவோ சொல்ல, அவன் கையைத் தட்டிவிட்டு மறுபடி எழுதினாள். நெடுநேரம். ஓரம் வரை.

"இந்த ஊரில் வீட்டுக்கெல்லாம் தபால் வராது. இவன் ஆபீஸ் பெட்டிக்குத்தான் வரும். அந்தப் பெட்டி நம்பரை இவன் அனுப்புவான். நடந்தது முழுக்க எழுது. இதில் காட்டாதே, கை வலிக்கிறது. எழுது."