பட்வா மக்களுக்காகச் செஞ்சியில் எடுத்த விழா

செஞ்சி

அன்பு மகள் கலைமதிக்கு நைனா எழுதுவது. மேல்மலையனூர் அம்மன் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் சுகம், உகாண்டா மலைக்குளிரில் வேலை பார்க்கும் நீயும் சுகமென்று எழுதினால்தான் எங்கள் சுகம் முழுசாகும். வனவிலங்குகளுக்குக் காட்டை ஒதுக்கிவிட்டு அங்கேயே வாழ்ந்த பட்வா மக்களை வெளியே தள்ளிவிட்டார்கள், குடியிருக்க ஒரு துண்டு நிலம் வாங்க உதவுங்கள் என்று கேட்டிருந்தாயே, அதை நம் மன்றத் தலைவர் ரங்கநாதனிடம் சொன்னேன். மனிதர் உருகிவிட்டார். மறுநாளே பஸ் ஸ்டாண்டில் பேனர், அதில் அவர் பெரிதாகவும் ஆப்பிரிக்கா சிறிதாகவும் இருந்தது. விழாவுக்குப் பழங்குடிகள் வேண்டுமே என்று, நம் ஏரிக்கரையிலிருந்து காலி செய்து வல்லம் ரோட்டுக் கல்லாங்குத்துப் பொட்டலில் கொண்டுபோய் விட்ட இருளர் குடும்பங்களை வேனில் ஏற்றிவந்து முன்வரிசையில் உட்கார வைத்தார். மூன்று மணி நேரம் ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்திக்கொண்டோம், அவர்களுக்கு ஒரு டீகூட வரவில்லை. சொந்த மண்ணை இழந்தவர்களின் கண்ணீர் என்று நான் பேசி நல்ல கைதட்டல் வாங்கினேன். கடைசியில் நன்றி சொல்லச் சொல்லி கன்னியம்மா என்கிற இருளப் பெண்ணிடம் மைக்கைக் கொடுத்தார்கள். அவள் என்னைப் பார்த்து, "சார், அந்த ஊர்லயும் அவங்கள காலி பண்ணச் சொல்லி பக்கத்துத் தெருக்காரங்கதான் மனு குடுத்தாங்களா?" என்று கேட்டாள். ரங்கநாதன் உடனே தேசிய கீதம் போடச் சொன்னார், எல்லாரும் எழுந்து விறைப்பாக நின்றோம்.

உன்னிடம் மறைத்த ஒன்றை இப்போது எழுதுகிறேன். மூன்று வருஷத்துக்கு முன் அந்த மனுவை எழுதியவன் நான்தான் அம்மா. குடிசைகளால் தெருவுக்குள் பாம்பு வருகிறது என்று காரணம் காட்டினேன், வந்த பாம்பைப் பிடித்துக்கொண்டு போனவர்களே அவர்கள்தான். மறுநாள் கன்னியம்மாவைத் தேடிப்போய்ச் சொன்னேன், திட்டியிருந்தால் தேவலை. "தெரியும் சார். பட்டா கேட்டும் ஒண்ணு எழுதிக் குடுங்க" என்றாள். எழுதிக்கொண்டு தாலுகா ஆபீசுக்குக் கூடவே போனேன். அங்கே எழுத்தர் பழைய மனுவையும் எடுத்து வைத்து, இரண்டும் உங்கள் எழுத்துதானே, எது நிஜம் என்று கேட்டார். பழையது பொய் என்று அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். நேற்று சர்வேயர் வந்து கல்லாங்குத்தை அளந்துவிட்டுப் போனார், பட்டா வருமா என்பது இனிமேல்தான் தெரியும். நம் தெருவில் யாரும் என்னோடு பேசுவதில்லை, ரங்கநாதன் மன்றத்திலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார். பட்வா மக்களுக்கென்று வசூலானதெல்லாம் விழாவுக்கே சரியாகப் போய்விட்டது, உனக்கு அனுப்ப போட்டோதான் இருக்கிறது.

வேளைக்குச் சாப்பிடு, கம்பளி இல்லாமல் வெளியே போகாதே என்று அம்மா சொல்லச் சொன்னாள். நைனா மேல் கோபமிருந்தால் நாலு வரி திட்டியாவது எழுது. மறக்காமல் ஒன்று செய், அந்த மக்களைக் காட்டைவிட்டுக் கிளப்ப மனு எழுதியவன் எவனாவது அங்கே இருந்தால் அவனையும் தேடிப் பிடி, உபயோகப்படுவான்.

நீ நோய்நொடியில்லாமல் நன்றாக இருக்க வேண்டும் அம்மா.

ஆசீர்வாதங்களுடன் உன் நைனா,
ஆதிமூலம்