விழத் தெரிந்தவனுக்கு

ஸ்ரீரங்கம்,
12-2-1963, செவ்வாய் இரவு.

அன்புள்ள ராமர் அண்ணனுக்கு,

உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன், இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே. உன்னோடு இருக்கும் சிப்பாய்களுக்குப் படித்துக் காட்டிச் சிரிக்கவும் வேண்டாம். படித்ததும் கிழித்து அடுப்பில் போட்டுவிடு. வீட்டுக்கு எழுதும்போது, நான் எழுதியதாக மூச்சுவிடாதே. வருகிற கடிதத்தையெல்லாம் மாமாதான் பிரிக்கிறார். உன் போன கடிதத்தையும் அவர்தான் அம்மாவுக்கு உரக்கப் படித்தார். "மாமா கத்துக்கொடுத்த வித்தைதான் பட்டாளத்துல எனக்குச் சோறு போடுது" என்று நடுவில் ஒரு வரி வந்தது. அந்த வரியைப் படிக்கும்போது அவர் கண் காகிதத்தில் இல்லை.

அம்மா சுகம். இருமல் குறைந்திருக்கிறது. பெங்களூரில் குளிர் அதிகமாமே, காதைக் கட்டிக்கொள்கிறானா என்று தினமும் கேட்கிறாள். எனக்கு அடுத்த மாதம் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை. கையெழுத்து ஏன் இப்படிக் கோணலாக இருக்கிறது என்று நினைப்பாய். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். சாமான் அறையில், நீ விழுந்து விழுந்து தட்டையாக்கிய சாக்குகள்மேல் உட்கார்ந்திருக்கிறேன். கதவைத் தாழிட்டிருக்கிறேன். சிம்னி விளக்கைச் சின்னதாக வைத்திருக்கிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை சீன யுத்த நிதிக்காக டவுனில் ஒரு விழா. மாமா நோட்டீஸ் அடித்துவிட்டார். மஞ்சள் காகிதம். "ரங்கூன் புகழ் ஜூடோ மாஸ்டர் அடைக்கலம் அவர்களின் சகோதரி மகள், வீராங்கனை செல்வி வள்ளிக்கண்ணு, வாட்டசாட்டமான ஆடவனை ஒற்றைக் கையால் தூக்கி எறிவார். பார்வையாலும் வீழ்த்துவார்." பஸ் ஸ்டாண்டில் வாழைப்பழக் கடைத் தூணில்கூட ஒட்டியிருக்கிறது. தலையைக் குனிந்துகொண்டுதான் அந்தப் பக்கம் நடக்கிறேன்.

பார்வையால் வீழ்த்திய கதை உனக்குத் தெரியாதா? லால்குடி மேடையில் மாமாவின் காலை எறும்பு கடித்தது. அவர் காலை உதறித் தரையில் தட்டினார். அவர் தட்டினால் நீ விழ வேண்டும் என்பதுதானே ஏற்பாடு? நான் இன்னும் உன் பக்கத்தில்கூட வரவில்லை, நீ தொப்பென்று விழுந்துவிட்டாய். ஜனங்கள் வாயைப் பிளந்தார்கள். அன்றைக்குத்தான் அதிகமாகக் கைதட்டினார்கள். எறும்புக்குப் போக வேண்டிய மாலை என் கழுத்தில் விழுந்தது. மறுநாளே அதை ஒரு தனி வித்தையாக்கி நோட்டீஸில் சேர்த்துவிட்டார்.

அந்த ரங்கூன் புகழ் என்னவென்று அம்மா ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டாள். "அரிசி மில்லுல மூட்டைக்கு மை தொட்டு நம்பர் போட்டுக்கிட்டிருந்தாரு, பாவம்" என்றாள். ஜப்பான்காரர்களை மாமா பார்த்தது உண்மையாம். அவர்கள் ஊருக்குள் வந்த அன்று எதிர்த்திசையில் ஓடியவர்களில் இவரும் ஒருவராம். ஓடுகிறவர் முதுகால் பார்த்து எப்படி வித்தை கற்றுக்கொண்டார் என்று எனக்குப் புரியவில்லை. அவர் இடுப்பில் கட்டுகிற கறுப்புப் பட்டை அப்பாவின் பழைய குடைத் துணி. தைத்தது அம்மா. நன்றாகக் குனிந்து பார்த்தால் குடைக்கம்பி குத்திய ஓட்டை தெரியும். அதைக் கட்டிக்கொண்டு மீசைக்கு எண்ணெய் தடவி நிற்கிறவரைப் பார்த்தால் ஊர்ப் பெரிய மனிதர்களெல்லாம் கைகூப்புகிறார்கள். போன விழாவில் தலைமை வகித்தவர், முறத்தால் புலியை விரட்டிய தமிழ்ப் பெண்ணைப் பற்றி அரை மணி நேரம் முழங்கினார். அவர் வீட்டுப் பெண் ஒருத்தியும் கூட்டத்தில் இல்லை.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

நீ பட்டாளத்துக்குப் போனபிறகு விழுவதற்கு ஆள் இல்லாமல் மாமா தவித்தார். அந்தச் சமயத்தில், பொங்கல் கழிந்து பள்ளிக்கூடம் திறந்த வாரம், சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். வாடகை சைக்கிள் கடை சிங்காரத்தை உனக்கு நினைவிருக்கும். போகிற பெண்பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு மணி அடிப்பானே, அவன்தான். பஸ்ஸுக்குள் எனக்குப் பின்னால் நின்றுகொண்டு என் பின்னலைப் பிடித்துக் கோயில் மணி மாதிரி இழுத்தான். "வீராங்கனை, எங்க, என்னைத் தூக்கிப் போடு பார்ப்போம்" என்றான். நாலு பேர் சிரித்தார்கள்.

நான் திரும்பி அவன் மணிக்கட்டைப் பிடித்து மாமா சொல்லிக்கொடுத்த பூட்டைப் போட்டேன். கட்டைவிரலை அழுத்தி, முழங்கையை மடக்கி, மேடையில் போடுவது போலவே சுத்தமாகப் போட்டேன். அவன் விழவில்லை. எப்படி விழுவான்? அவனுக்கு யாரும் காலால் தட்டவில்லையே. என் கையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, "இவ்வளவுதானா?" என்று பஸ் முழுக்கக் கேட்கச் சொன்னான். இன்னொரு கையால் பைக்குள் துழாவிக் காம்பஸை எடுத்து அவன் புறங்கையில் குத்தினேன். அவன் போட்ட சத்தத்தில் டிரைவர் காவிரிப் பாலத்து நடுவிலேயே பஸ்ஸை நிறுத்திவிட்டார். கீரைக்கூடைக்காரம்மா ஒருத்தி, "ஏன்டா, ஒரு பொட்டப்புள்ள குத்தினதுக்கா இந்தக் கத்து கத்தறே? உங்க ஆத்தா எப்படிடா உனக்குக் காது குத்தினா?" என்றாள். என்னிடம், "துருப்புடிச்சதாப் பார்த்து வச்சுக்கம்மா, அதான் நல்லா ஏறும்" என்றாள். பஸ்ஸே சிரித்தது. அவன் பாலத்தில் இறங்கி நடந்தான்.

அண்ணா, எனக்குத் தெரிந்த தற்காப்பு இவ்வளவுதான். ஒரு ஊசியும் ஒரு கத்தலும். கத்தியதும் நான் இல்லை, அவன்.

வீட்டில் சொன்னேன். மாமாவுக்கு முகம் சுண்டிவிட்டது. அவன் என் பின்னலை இழுத்ததற்கு என்று நினைத்துவிடாதே. "ஜூடோ கத்துக்கிட்ட பொண்ணு காம்பஸ்ஸால குத்தினான்னு வெளியில தெரிஞ்சா என் பேரு என்னத்துக்கு ஆவும்? பூட்டு விழலேன்னு யார்கிட்டயும் சொல்லிவைக்காதே" என்றார். அன்று இரவு அவர் நன்றாகச் சாப்பிட்டார்.

போன வாரம் புது ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தார். உனக்குப் பதில் மேடையில் விழப் போகிறவன். பார்த்தால் சிங்காரம். புறங்கையில் இன்னும் காயத்தின் வடு. நான் மாமாவை உள்ளே அழைத்து, இவன்தான் அவன் என்று சொன்னேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "தெரியும். அதனாலதானே புடிச்சாந்தேன். ராமர் விழும்போது சிரிச்சுத் தொலைப்பான். இவனுக்கு உன்மேல நெஜமாவே கோவம் இருக்கு. மூஞ்சில தெரியும். ஜனங்க நம்புவாங்க."

இதற்கு மேல் ஒரு மனிதரை எப்படி மதிப்பது என்று நீயே சொல்.

கொல்லையில் ஒத்திகை நடக்கிறது. மாமா பார்த்துக்கொண்டிருக்கும்வரை சிங்காரம் ஒழுங்காக விழுகிறான். நேற்று மாலை மாமா காபி குடிக்க உள்ளே போனார். அவன் என் வலது மணிக்கட்டைப் பிடித்துத் துணி பிழிகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினான். முகத்தில் சிரிப்புத்தான். "பரீட்சை எழுதற கை இதுதானே தங்கச்சி? ஞாயித்துக்கிழமை உங்க மாமா எவ்வளவு தட்டினாலும் நான் விழப்போறதில்ல. அத்தனை பேர் பார்க்க இதை ஒடிச்சுட்டு, கை தவறிப்போச்சுன்னு மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிடுவேன்" என்றான். மாமா வாயைத் துடைத்துக்கொண்டு வந்ததும் உடனே தொப்பென்று விழுந்தான். "பலே, நல்லா விழறான்" என்றார் மாமா.

கை வீங்கியிருக்கிறது. அம்மா மஞ்சள் பற்றுப் போட்டாள். எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு, "நாம இருக்கறது அவர் வீடு கண்ணு" என்றாள்.

மாமாவிடமும் சொல்லிப் பார்த்தேன். மேடை ஏறமாட்டேன் என்றேன். அப்படியானால் பள்ளிக்கூடப் படியும் ஏற வேண்டாம், பரீட்சையும் வேண்டாம் என்றார். அவன் விழமாட்டேன் என்கிறான் மாமா என்று சொன்னதற்கு அவர் சிரித்தார். "நான் காலால தட்டினா விழாம நின்னுடுவானா?" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை அண்ணா, நிஜமாகவே நம்பிச் சொன்னார். மூன்று வருஷம் நீ விழுந்ததில் ஜனங்கள் ஏமாந்தது போதாதென்று மாமாவும் ஏமாந்திருக்கிறார். தன் காலில் ஏதோ சக்தி இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். பொய் சொல்கிறவரிடமாவது கெஞ்சலாம். தன் பொய்யைத் தானே நம்புகிறவரிடம் என்ன பேசுவது?

என் பக்கத்தில் உட்காரும் செல்வமேரிக்கு மட்டும் இது தெரியும். இன்று மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனபிறகு பள்ளிக்கூடத்தில் நீளம் தாண்டும் மணல் குழிக்குப் போனோம். என் இடது கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். சிங்காரம் மாதிரி பிடி, விடாதே என்றேன். மாமாவின் பூட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அவள் ஒல்லிக்குச்சி, அவளே அசையவில்லை. "என்னடி, கைகுலுக்கறியா?" என்று கேட்டாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. போடி என்று அப்படியே மணலில் பொத்தென்று மல்லாந்து விழுந்தேன். அவள் கையை விடவில்லையா, என் தலைக்கு மேலே பறந்துபோய் அந்தப் பக்கம் விழுந்தாள். வாயெல்லாம் மணல். "சேசுவே, இதுதான்டி வித்தை. உங்க மாமாவுக்குச் சொல்லிடாதே, இதுக்கும் நோட்டீஸ் போட்டுடுவாரு" என்றாள்.

மறுபடி மறுபடி செய்து பார்த்தோம். நான் விழுந்தால், பிடித்திருப்பவனும் விழுகிறான். இழுத்துப்பார்க்கவும் வேண்டாம், தூக்கவும் வேண்டாம். தள்ளுவேன் என்று எதிர்பார்த்து விறைத்து நிற்கிறவனுக்கு, நான் விழுவேன் என்பது மட்டும் தோன்றாது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை அவன் என் கையைப் பிடித்ததும் நான் விழப்போகிறேன். வீராங்கனை விழுந்துவிட்டாள் என்று ஊர் சிரிக்கட்டும். மாமா தன் பட்டையைத் திரும்பக் குடையில் தைத்துக்கொள்ளட்டும்.

ஆனால் ஒரு பயம் இருக்கிறது. அது மணல், மேடை பலகை. விழும்போது என் கை தானாகத் தரையில் ஊன்றப் பார்க்கிறது. மணலிலேயே வலிக்கிறது. பலகையில் ஊன்றினால் அவன் ஒடிக்க வேண்டிய அவசியமே இருக்காது, நானே ஒடித்துக்கொள்வேன். நீ ஜீயபுரத்தில் விழுந்தாய், லால்குடியில் விழுந்தாய், ஆணி துருத்திய பலகைமேலெல்லாம் விழுந்தாய். ஒரு நாள்கூட உன் கை ஒடியவில்லை. நம் வீட்டில் உண்மையான வித்தை தெரிந்தவன் நீ ஒருவன்தான். விழும்போது உன் கைகளை எங்கே வைத்துக்கொள்வாய் அண்ணா? நான்தான் உன்னைத் தள்ளினேன், உனக்கு அவ்வளவு கிட்டே நின்றேன். ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. எப்போதும் கைதட்டுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கையை மார்பில் கட்டிக்கொள்வாயா? தலையை எந்தப் பக்கம் திருப்புவாய்? மூச்சை விட்டுவிடுவாயா, பிடித்துக்கொள்வாயா? ஒன்றையும் விடாமல் எழுது.

நாளைக் காலையில் செல்வமேரி இதைத் தபாலில் போடுவாள். பதிலைப் பாலக்கரையில் அவள் அப்பா செபஸ்தியான் வாத்தியார் முகவரிக்கே எழுது. உறைக்குள் அந்த முகவரியை எழுதி வைத்திருக்கிறேன். சனிக்கிழமைக்குள் கிடைக்க வேண்டும். லீவு போட்டு வர வேண்டாம், வந்தால் மாமா உன்னைப் பிடித்து மறுபடி மேடையில் ஏற்றிவிடுவார். மாமாவுக்குக் கோபமாகவும் எழுதாதே. அம்மா இந்த வீட்டில்தான் இருந்தாக வேண்டும்.

அங்கே பயிற்சி முடிந்ததும் உங்களை எல்லைக்கு அனுப்புவார்கள் என்று பேசிக்கொள்கிறார்கள். அம்மாவிடம் நான் சொல்லவில்லை. சுடும் சத்தம் கேட்டால் நீ தைரியசாலி மாதிரி நிற்காதே. எல்லாருக்கும் முன்னால் விழுந்துவிடு, உனக்குத்தான் அது நன்றாக வருமே. பிறகு எழுந்துவிடு அண்ணா. மேடையில் ஒவ்வொரு தடவையும் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தாயே, அப்படி. பெருமாள் உன்னை

கதவைத் தட்டுகிறார்கள். அம்மாவாக இருந்தால் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள். இது கையால் தட்டுகிற சத்தமும் இல்லை. காலால்