கப்பலைக் கூப்பிட்டவன்

2 மார்ச் 2025, ஞாயிறு

கல்யாணசுந்தரம் எனக்குப் போன் எடுத்தார். மல்கிரேவ் வாசகர் வட்டத் தலைவர், கோயம்புத்தூர்க்காரர். தலைவராக ஒரு வட்டம் தேவைப்பட்டதால் வட்டத்தைத் தொடங்கியவர் என்று ஊர் சொல்லும். ஊர் என்றால் நான்.

"சச்சி சார், ஜூன் கூட்டத்துல நீங்க பேசறீங்க. அமெரிக்கா கடல் தாண்டிப் போய் நாடு பிடிச்ச கதை. அதைச் சொல்லித்தான் எல்லார் உயிரையும் எடுக்கறீங்களே, ஒரே நாள்ல மொத்தமா எடுத்துடுங்க."

டண்டினொங்கில் குளிர்சாதனப் பெட்டி உதிரிப்பாகங்களை லொறியில் ஏற்றி அனுப்புவது என் தொழில். வல்லரசுகளைக் கவனிப்பது பொழுதுபோக்கு. இரண்டிலும் பதவி உயர்வு இல்லை.

8 மார்ச், சனி

குவாம் தீவைப் பிடித்த கதை. 1898. ஸ்பெயினோடு போர் தொடங்கிவிட்டது. அமெரிக்கக் கப்பல் போய்த் தீவிலிருந்த கோட்டையை நோக்கிச் சில குண்டுகள் போடுகிறது. ஸ்பானிய அதிகாரிகள் படகில் வந்து, "மரியாதை வேட்டுக்கு நன்றி. பதில் வேட்டுப் போட எங்களிடம் வெடிமருந்து இல்லை, மன்னிக்க வேண்டும்" என்கிறார்கள். போர் நடப்பதே அவர்களுக்குத் தெரியாது. நீங்கள் இப்போது கைதிகள் என்று பதில் கிடைத்தது. தீவு இன்றும் அமெரிக்காவிடம்.

குசினியில் சமைத்துக்கொண்டிருந்த மனைவி சுஜீவாவுக்குச் சொன்னேன். "நீங்களும் அப்பிடித்தான். வீட்டில சண்டை நடக்கிறது தெரியாமல் வந்து தேத்தண்ணி கேக்கிறனீங்கள்."

எந்தச் சண்டை? கேட்கவில்லை. தேத்தண்ணி வந்தது.

14 மார்ச், வெள்ளி

மிருணாளினிக்கு வேலை கிடைத்திருக்கிறது. நாட்டின் மறுகரையில், பேர்த்துக்குப் பக்கத்தில், நீர்மூழ்கிக் கப்பல்களைப் பராமரிக்கும் நிறுவனம். முதலாளிகள் அமெரிக்கர்கள். என் ஒரே பிள்ளை, இருபத்தாறு வயது இன்ஜினியர். ஆனால் அரசாங்கத்தின் பாதுகாப்புச் சோதனையில் தேறினால்தான் வேலை. வெளிநாட்டுச் சொந்தக்காரர் எல்லாரையும் படிவத்தில் எழுத வேண்டுமாம். எங்கள் சனத்திடம் கேட்கிற கேள்வியா இது? ஸ்காபரோ சித்தப்பாவோடேயே இரண்டு பக்கம் முடிந்தது.

பிள்ளை போனதும் சுஜீவா தொடங்கினாள். "அந்தப் பேச்சை விடுங்கோ. பிள்ளையின்ர ஃபைலில ஏறும்."

"தமிழில பேசுற பேச்சு, சுஜீவா. இருபது பேர். அதிலயும் பாதி வடைக்கு வாற சனம்."

"கொழும்பிலயும் இப்பிடித்தான் சொன்னனீங்கள். பிறகு பொலிஸில போய் ஆர் நிண்டது?"

என்னை வெளியே எடுக்க அவள்தான் நின்றாள். இரண்டு நாள்.

16 மார்ச், ஞாயிறு

ஜூனில் எனக்குத் தொண்டை வலி என்று கல்யாணசுந்தரத்துக்கு அறிவித்தேன். மூன்று மாதம் முந்தியே வலியை உணர்ந்த முதல் நோயாளி நானாகத்தான் இருப்பேன்.

17 மார்ச், திங்கள்

ஹவாய் ராணியைக் கவிழ்த்ததில் தங்களுக்கும் பங்குண்டு என்று 1993இல் அமெரிக்கக் காங்கிரஸே மன்னிப்புத் தீர்மானம் போட்டிருக்கிறது. ஜனாதிபதி கையெழுத்தும் வைத்திருக்கிறார். வாஷிங்டனில் சொன்னதை மல்கிரேவில் சொல்ல எனக்குப் பயம்.

11 மே, ஞாயிறு

அன்னையர் தினம். மிருணாளினி தாய்க்குப் பூங்கொத்தோடு வந்தாள். கதிரையில் இருக்க முதலே என்னிடம்தான்:

"அப்பா, கல்யாணசுந்தரம் அங்கிள் உங்கட தொண்டை எப்பிடி எண்டு கேக்கிறார். வாட் தொண்டை?"

சொன்னேன். கோபம் வந்துவிட்டது அவளுக்கு. "எனக்காக வாயை மூடச் சொல்லி நான் கேட்டனானா? இன்டர்வியூவில நான் எல்லாம் சொல்லிப்போட்டன்."

"எல்லாம் எண்டா?"

"நீங்கள் அமெரிக்காவைப் பற்றிப் பேசப் போறது. ரெண்டாயிரத்தொன்பதில என்னைக் கையில பிடிச்சுக்கொண்டு அமெரிக்கத் தூதரகத்துக்கு முன்னால நிண்டதும்."

பாதுகாப்புச் சோதனை அதிகாரி ஒரு பெண்ணாம். எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாளாம்: உன் அப்பாவுக்கு அமெரிக்கா வரவேண்டுமா, வரக்கூடாதா?

"நீ என்ன சொன்னாய்?"

"ஐ'ல் ஆஸ்க் ஹிம் எண்டன்." பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை.

கேள்வி வந்தால் பகிடி விடுகிறவன் நான். எழும்பிப் பூங்கொத்துக்குத் தண்ணீர் எடுக்கப் போனேன்.

12 மே, திங்கள்

'அமெரிக்காவே, கப்பலை அனுப்பு.' தூதரகத்துக்கு முன்னால பிடிச்ச பதாகையில் அதை எழுதினது நான்தான். என்ர கையெழுத்து.

சண்டைக்குள்ள மாட்டின சனத்தை ஏற்றக் கப்பல் வருதாம் எண்டு எல்லாரும் சொன்னவை. என்ர தம்பி சிவமணி வன்னிக் கடற்கரையில நிண்டவன். ஆரோ ஒராளின்ர சற்றலைட் போனில ரெண்டு நிமிசம் கதைச்சான். "அண்ணா, கப்பல் வருதாமே?"

"ஓம், வருது. கரையை விட்டுப் போகாதை" எண்டன்.

என்னத்தை வைச்சுச் சொன்னனான்? — ஆரோ சொன்னதைக் கேட்டு. கப்பல் வரேல்லை. அவனும் வரேல்லை. இண்டுவரைக்கும் சுஜீவாவிட்டையும் சொல்லேல்லை.

15 ஜூன், ஞாயிறு

தொண்டை சரியாகிவிட்டது. இருபத்துமூன்று பேர். பின்வரிசையில் மிருணாளினி. தானாகத்தான் வந்தாள்.

குவாமுக்கு நல்ல சிரிப்பு. பிறகு சொன்னேன்: ஹவாயில் கூப்பிட்டவர்கள் கரும்புத்தோட்ட முதலாளிகள், படை உடனே இறங்கியது. நாங்களும் கூப்பிட்டோம். அவர்கள் வருவது கூப்பிடுகிறவனுக்காக அல்ல, கரைக்காக. எங்கள் கரையில் அவர்களுக்கு வேண்டியது எதுவும் இருக்கவில்லை. இவ்வளவும் தெரிந்த பிறகும், அந்த நாள் திரும்பி வந்தால் திரும்பவும் கூப்பிடுவேன் — இதுதான் என் மகளிடம் கேட்ட கேள்விக்குப் பதில்.

பிறகு தம்பிக்குச் சொன்னதையும் சொன்னேன்.

முன்வரிசை நாகேஸ்வரி அன்ரி — இரண்டு மகன்களை அங்கே பறிகொடுத்தவர் — "நானும் அந்த மாதம் கந்தனிட்டைக் கேக்கேல்லை, தம்பி. கப்பலிட்டைத்தான் கேட்டனான்" என்றார்.

கல்யாணசுந்தரம் நன்றியுரைத் தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டு, வடைத் தட்டைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். முதல்முறை.

வீட்டுக்கு வரும்போது காரை மிருணாளினி ஓட்டினாள். சுஜீவா பின்னால் என்னோடு இருந்தாள். "பதினாறு வருசம்" என்றாள்.

27 ஓகஸ்ட், புதன்

சோதனையில் தேறிவிட்டாள். திங்கள் பயணம். சுஜீவா பிள்ளைக்குக் கறித்தூள் இடிக்க மிளகாய் வறுக்கிறாள். தெரு முழுக்கத் தும்மல்.

22 நவம்பர், சனி

பேர்த். மகள் வீட்டுக்கு வந்து மூன்று நாள். காலையில் எங்களைக் கடற்கரைக்குக் கூட்டிப் போனாள். அமெரிக்க நீர்மூழ்கி ஒன்று கடற்படைத் தளத்திலிருந்து வெளியே போனது. கறுப்பாக, சத்தமில்லாமல், எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக. எப்போது வந்தது என்று கேட்டேன். "அது சொல்லேலாது, அப்பா."

நாயோடு வந்திருந்த வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் அதற்குக் கை அசைத்துக் காட்டினார். சுஜீவாவும் காட்டினாள். "நீங்களும் காட்டுங்கோ. பிள்ளை வேலை செய்த கப்பலெல்லோ."

காட்டினேன்.