பத்தியம் இருந்து வாங்கிய ரிப்போர்ட்

அடி அண்ணாமலை,
24.7.2024

அன்பு மகள் பொன்னிக்கு, அப்பா காசி ஆசீர்வாதத்துடன் எழுதுவது.

போனில் பேசினால் உன் மாமியார் ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார் என்றாய். அதனால் நீ வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்து முகவரிக்கே எழுதுகிறேன். ஒன்பதாவதோடு நின்றவன் எழுத்து. டீச்சரம்மா சிவப்பு மையை எடுக்காமல் படிக்கவும்.

லுங்கியை இப்போது ஒரு சுற்று கூடுதலாகச் சுற்ற வேண்டியிருக்கிறது. ரத்தம் கம்மி, எடை கம்மி, கக்கூசுக்கு ஓடுவது மட்டும் ஜாஸ்தி. உன் அம்மா டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

"என்ன வேலை?" என்றார்.

"கிரிவலப் பாதையில பரோட்டாக் கடைங்க."

"தினமும் சாப்பிடுவீங்களா?"

"ராத்திரி மிஞ்சுனத யார் தலையில கட்டுறது? என் வயித்துலதான்."

மனிதர் சிரிக்கவில்லை. கோதுமையிலும் மைதாவிலும் குளூட்டன் என்று ஒன்று இருக்கிறதாம். சிலர் குடலுக்கு அது ஆகாதாம், உள்ளேயே அரித்துவிடுமாம். ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். பரோட்டா மாஸ்டருக்கே பரோட்டா ஆகாது என்று தெரிந்தால் எவன் என் கடையில் உட்காருவான்? உன் அம்மா மூன்று நாளாகச் சிரிக்கிறாள்.

உனக்கு நாலாம் மாதம். வயிற்றில் இருப்பதை நினைத்தாவது நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பா

---

ஓசூர்,
6.8.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

இதுவும் தங்கவில்லை. போன வாரம். அம்மாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், என்னால் முடியாது.

உங்கள் டெஸ்ட் விஷயத்தைச் சொன்னதும் டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அந்த நோய் குடும்பத்தில் வருமாம். இருப்பது தெரியாமலே கோதுமை சாப்பிட்டுவந்தால் சிலருக்குக் கரு தங்காமல் போகலாமாம். எனக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார். அத்தை குறுக்கே புகுந்துவிட்டார்.

"மொதல்ல அவங்கப்பாவுக்கு இருக்குதான்னு தெரியட்டும். இல்லாத நோயை இவ உடம்புல தேடாதீங்க."

உங்கள் மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டோவில் வரும்போது அத்தை, "நோய் இருக்கிற வீடுன்னு அப்பவே தெரிஞ்சிருந்தா..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் விட்டுவிட்டார்.

சீக்கிரம் டெஸ்ட் எடுங்கள் அப்பா. என்னுடையது உங்களுடையதில் மாட்டிக்கொண்டு நிற்கிறது.

பொன்னி

---

அடி அண்ணாமலை,
27.12.2024

என் தங்கத்துக்கு,

இன்றைக்கு, நாளைக்கு, தீபம் முடியட்டும் என்று இழுத்தடித்தேன். நீயும் கோபத்தில் எழுதுவதையே நிறுத்திவிட்டாய். இப்போது சிரி. ரிப்போர்ட் வந்துவிட்டது. நார்மல்! உன் வாட்ஸ்அப்புக்கும் மாப்பிள்ளைக்கும் போட்டோ அனுப்பியிருக்கிறேன். இனி நம் வீட்டை யாரும் நோய் வீடு என்று சொல்ல முடியாது. நிமிர்ந்து நட.

உன்னிடம் மட்டும் ஒரு ரகசியம் சொல்கிறேன். உன் கடிதம் வந்த அன்றே முடிவு செய்துவிட்டேன், இந்தப் பரீட்சையில் அப்பன் பாஸாகியே தீரவேண்டும் என்று. அன்றிலிருந்து கோதுமை, மைதா, ரவை எதுவும் வாயில் படவில்லை. சோறு, இட்லி, களிதான். சுகர் டெஸ்டுக்கு முன்னால் நம் ஜனங்கள் இனிப்பை நிறுத்துவதில்லையா, அதே வித்தைதான். "டெஸ்ட் வரைக்கும் சாப்பாட்டை மாத்தாம வாங்க" என்று டாக்டர் சொன்னார்தான். கேள்வித்தாள் போடுகிற வாத்தியார் படிக்காதே என்றால் கேட்போமா?

இன்னொரு அதிசயம். வயிறு அடங்கிவிட்டது. லுங்கியும் பழைய சுற்றுக்கே வந்துவிட்டது.

அப்பா

---

ஓசூர்,
3.1.2025

அப்பா,

உங்கள் கடிதத்தை ஸ்டாஃப் ரூமில் படித்தேன். எழுந்து வகுப்புக்குப் போக முடியவில்லை.

கோதுமையை விட்டதும் உடம்பு தேறியது என்று உங்கள் கையாலேயே எழுதியிருக்கிறீர்களே, அதற்கு என்ன அர்த்தம் என்று யோசிக்கவே இல்லையா? அது சுகர் டெஸ்ட் இல்லை அப்பா. சாப்பிட்டுக்கொண்டே இருந்தால்தான் ரத்தத்தில் தெரியும். நிறுத்தி இத்தனை மாதம் ஆனால் நோய் இருந்தாலும் நார்மல் என்று காட்டலாம்.

அத்தை அந்த ரிப்போர்ட்டை அச்செடுத்து சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். "உங்கப்பாவுக்கே இல்ல, உனக்கு எங்கிருந்து வரும்?" என் டெஸ்ட் அதோடு முடிந்தது.

இங்கே தினமும் இரவுக்குச் சப்பாத்திதான். எனக்கு நாள் தள்ளியிருக்கிறது. இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. நேற்றும் இரண்டு சப்பாத்தி சாப்பிட்டேன், ஒவ்வொரு வாயும் பயந்துகொண்டே.

எனக்காகத்தான் செய்தீர்கள் என்று தெரியும். அதனால்தான் உங்கள்மேல் கோபப்படவும் முடியவில்லை.

பொன்னி

---

அடி அண்ணாமலை,
7.1.2025

பொன்னி,

நேற்றே டாக்டரிடம் ஓடினேன். முழுதாகத் திட்டி முடித்துவிட்டு, திரும்பக் கோதுமை சாப்பிட்டு, சில வாரம் கழித்து ரத்தம் கொடுத்தால்தான் உண்மை தெரியும் என்றார். ராத்திரியே கடையில் உட்கார்ந்து இரண்டு பரோட்டா சாப்பிட்டேன். விடியும்வரை வயிறு கேள்வி கேட்டது. சாப்பிடத்தான் போகிறேன். ஆனால் நீ அதற்குக் காத்திருக்கக் கூடாது.

இதற்குக் கீழே எழுதியிருப்பதை மாப்பிள்ளையிடமும் உன் அத்தையிடமும் காட்டு. மறைத்து வைக்காதே.

சம்பந்தியம்மாவுக்கு, காசி வணக்கமாக எழுதிக்கொள்வது. நீங்கள் சாமி படத்தருகே வைத்திருக்கும் ரிப்போர்ட் செல்லாது. பத்தியம் இருந்து வாங்கியது. எங்கள் வீட்டில் நோய் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். அதைச் சொல்லி என்னைத் திட்டுங்கள், நேரில் வந்து நின்று வாங்கிக்கொள்கிறேன். பெண்ணுக்கு மட்டும் நாளைக்கே டெஸ்ட் எடுத்துவிடுங்கள். அதுவரை என்னைப் போலச் சாப்பாட்டை மாற்றிவிட வேண்டாம்.

காசி

---

ஓசூர்,
25.1.2025

அன்புள்ள அப்பா,

உங்கள் மாப்பிள்ளை சாப்பிடும்போது அதைச் சத்தமாகப் படித்தார். அத்தை நேராகப் போய் ரிப்போர்ட்டை எடுத்துக் கிழித்தார். "ஒம்பதாவது படிச்சவருக்கு இவ்ளோ மூளை ஆகாது" என்றார். இவர்தான் முதல்முறையாக வாயைத் திறந்தார். "அம்மா, நாளைக்கு நான் லீவு. கூட்டிட்டுப் போறேன்."

எனக்கு இருக்கிறது அப்பா. ரத்தத்தில் நன்றாகவே தெரிகிறதாம். குழந்தை இருப்பதால் வாய் வழியாகக் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்ப்பதை இப்போதைக்கு வேண்டாம் என்றார் டாக்டரம்மா. கோதுமையை அன்றே நிறுத்திவிட்டேன். எனக்குத் தனிப் பாத்திரம், தனிக் கரண்டி. கோதுமை மாவு டப்பாவை அத்தை பரண்மேல் ஏற்றிவிட்டார். என்னோடு பேசுவதில்லை. ஆனால் இரவில் எனக்கு முன் இட்லி வைக்கிறார்.

இந்த முறை தங்குமா என்று கேட்டேன். "பார்க்கலாம்" என்றார் டாக்டரம்மா. அந்தப் பார்க்கலாமில்தான் இருக்கிறேன்.

பொன்னி

---

அடி அண்ணாமலை,
18.4.2025

அன்பு மகளுக்கு,

என் ரத்தமும் உண்மையைச் சொல்லிவிட்டது. குழாய் விட்டும் பார்த்துவிட்டார்கள். உனக்கு என்னவோ அதேதான் எனக்கும். ஊர் சிரித்தது. "மாஸ்டர், நீங்களே சாப்பிடாததை எங்களுக்குப் போடறீங்களே?" என்று ஆட்டோ ஸ்டாண்டு முழுக்கக் கேலி. பாதிப் பேருக்கு இட்லி போட ஆரம்பித்துவிட்டேன். மைதா படாத தனி அடுப்பு, தனிப் பாத்திரம்.

போன தடவை தவறிப்போன மாதத்தை இது தாண்டிவிட்டது என்று மாப்பிள்ளை போனில் சொன்னார். ஸ்பீக்கரில்தான் போட்டிருந்தார். பக்கத்தில் உன் அத்தை, "வளகாப்புக்குச் சாப்பாடு யார் செய்றதுன்னு சம்பந்திய கேளு" என்றது காதில் விழுந்தது. உன் அம்மா அழுதாள். எனக்கும் கண்ணில் புகை பட்டுவிட்டது.

புளிசாதம், எலுமிச்சை, தேங்காய், தயிர் எல்லாம் நானே கிளறிக் கொண்டுவருகிறேன். எல்லாமே அரிசிதானே என்று தைரியமாக இருந்தேன். கடையில் விற்கும் பெருங்காயத்திலும் மைதா கலந்திருக்கலாம் என்கிறார் டாக்டர். அதனால் பெருங்காயம் போடமாட்டேன்.

ருசி கொஞ்சம் கம்மியாக இருக்கும். பொறுத்துக்கொள்.

அப்பா